அமேலியாவைத் தேடிப் போன அன்புக்கரசி

அன்புக்கரசி ரவிக்கை தைப்பவர். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் அவர் கை படாத ரவிக்கை குறைவு. கைக்கும் காலுக்கும் மெஷினில் வேலை இருக்கிறது, காது மட்டும் சும்மா கிடக்கிறதே என்று போனில் ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே தைப்பார். சமையலில் ஆரம்பித்து, பேய் பங்களா, புதையல் என்று போய், ஒருநாள் அமேலியா ஏர்ஹார்ட்டிடம் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் வேறு எங்கேயும் போகவில்லை.

அமேலியா ஓர் அமெரிக்க விமானி. உலகத்தையே விமானத்தில் சுற்றிவர 1937இல் கிளம்பியவர். பெரும்பகுதியைச் சுற்றி முடித்து, பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவைத் தேடிப் போனபோது, கூட வந்த வழிகாட்டியோடு காணாமல் போனார். விமானமும் அகப்படவில்லை, ஆளும் அகப்படவில்லை. அன்றிலிருந்து கதைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை.

காலையில் பிளாக் மைதானத்தைச் சுற்றி நடக்கிற பெண்களுக்கு அன்புக்கரசி அந்தக் கதைகளைச் சொல்வார். ரவுண்டுக்கு ஒன்று.

"ஜப்பான்காரங்க புடிச்சி ஜெயில்ல போட்டுட்டாங்கன்னு ஒரு கட்சி. அந்தம்மா வேவு பாக்கத்தான் போனாங்களாம்."

அடுத்த ரவுண்டில், ஆளில்லாத தீவில் இறங்கி மீனும் நண்டும் தின்று கொஞ்சகாலம் உயிரோடு இருந்த அமேலியா வருவார். அதற்கடுத்த ரவுண்டில், பெயரை மாற்றிக்கொண்டு சொந்த நாட்டிலேயே யாருக்கும் தெரியாமல் குடும்பம் நடத்திய அமேலியா. இந்தக் கடைசிக் கதைதான் எல்லாருக்கும் பிடித்தது. எண்ணெய் தீர்ந்து விமானம் கடலில் விழுந்திருக்கும் என்பதை அன்புக்கரசி ஒருமுறைதான் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அவருக்கே அது சப்பென்றிருந்தது.

நடைக்கூட்டத்தில் மூத்தவர் ராஜாம்பாள், ஓய்வு பெற்ற நர்ஸ். அவருக்கு எல்லாக் கதையிலும் ஒரே கேள்விதான்.

"அவ வூட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"தேடுங்க தேடுங்கன்னு அலைஞ்சாரு, அக்கா. ரெண்டு வருஷத்துல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு."

"அப்ப அவரத்தான் விசாரிச்சிருக்கணும்."

"அவரு அமெரிக்காவுல இல்ல இருந்தாரு?"

"இருந்தா என்ன?" என்று ராஜாம்பாள் வேகமாக நடப்பார்.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வீடியோவில் புதிதாக ஒரு செய்தி வந்தது. காணாமல் போவதற்குச் சில வாரங்கள் முன்பு அமேலியா கல்கத்தாவில் டம்டம் விமானத் தளத்தில் இறங்கியிருக்கிறார். மழைக்காலம். மறுநாள் சேறாகிக் கிடந்த ஓடுதளத்திலிருந்து தட்டுத்தடுமாறித்தான் விமானம் மேலே எழும்பியதாம். அன்புக்கரசி மெஷினை நிறுத்திவிட்டார். எங்கேயோ யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்த பெண் நம் நாட்டு மழையில் நனைந்திருக்கிறார். அந்த இடம் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம்.

அன்புக்கரசி அதுவரை விமானம் ஏறியதில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிற கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, காடாம்புலியூரிலிருந்து நெய்வேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் சின்னதுரை சுரங்கத்தில் மண் தோண்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர், பர்மனென்ட். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்பார். ஒரு வாரம் கழித்துச் சரி என்பார். அந்த ஒரு வாரம் காத்திருக்க அன்புக்கரசிக்குப் பொறுமையில்லை. மெயின் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் போகவர டிக்கெட் போட்டுக்கொண்டார். தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சின்னதுரையிடம் சொல்லிவிட்டுப் பை எடுத்துக் கிளம்பினார். வடலூரில் பஸ் மாறி, விடிகாலையில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார்.

விமானத்தில் பணிப்பெண் சொன்னபடி போனை ஃபிளைட் மோடில் போட்டார். எப்படிப் போடுவது என்று பக்கத்து இருக்கைக்காரர் காட்டிக்கொடுத்தார். எப்படி எடுப்பது என்று கேட்க அன்புக்கரசிக்குத் தோன்றவில்லை. விமானம் மேலே கிளம்பியது. பிறகு மேகங்கள் காலுக்குக் கீழே போயின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு முகத்தை எடுக்காமல் வந்தார்.

கல்கத்தாவில் வெளியே வந்தபோது நல்ல மழை. டீக்கடையில் ஒதுங்கி, மண்குவளையில் டீயை வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் "அமேலியா" என்றார். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைக்காரர், மழையில் கூடவந்த பெண்ணைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். டாக்சிக்காரர்களிடம் சொன்னார். ஆளுக்கொரு பக்கம் "அமேலியா, அமேலியா" என்று கூவிக்கொண்டு போனார்கள். ஒருவர் குடை பிடித்த ஒரு பாட்டியம்மாவை அழைத்தே வந்துவிட்டார். அந்தம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை, அன்புக்கரசிக்கும் சொல்லத் தெரியவில்லை. இருவரும் சிரித்தார்கள். அன்புக்கரசி அந்தம்மாவுக்கும் ஒரு டீ சொன்னார். பிறகு விமானத் தளத்தின் வேலியோரம் நின்று, மழைக்குள்ளிருந்து விமானங்கள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலை விமானத்தைப் பிடித்தார். நாள் முழுக்க ஒரு போன்கூட வரவில்லையே என்று லேசாக மனத்தாங்கல்.

இங்கே நெய்வேலியில் அன்று மத்தியானமே விஷயம் உடைந்துவிட்டது. தங்கை மலர்கொடி சின்னதுரைக்குப் போன் செய்தாள்.

"மாமா, பலாப்பழம் பழுத்துக்கினு கெடக்குது. அக்காவ வந்து எடுத்துக்கினு போவச் சொல்லுங்க."

"அக்கா அங்கதான இருக்குது?"

"இங்க வர்ல மாமா."

அன்புக்கரசியின் போன் சுவிட்ச் ஆஃப் என்றது. சின்னதுரை ஷிஃப்டுக்குப் போகாமல் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், தெரிந்தவர் வீடு என்று பைக்கில் சுற்றினார். அவர் சுற்றச் சுற்றக் கதையும் கூடவே சுற்றியது. டீக்கடை சசிகுமார், அன்புக்கரசியை வடலூரில் முந்திரிப் பருப்புப் பொட்டலத்தோடு பார்த்ததாகச் சொன்னார். அது உண்மை. வழியில் கொறிக்க வாங்கியது. ஆனால் அந்தச் செய்தி பிளாக் வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைந்தபோது, பருப்பு யாருக்கோ கொடுக்க வாங்கியதாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்த யாரோவுக்கு ஒரு வெள்ளைக் கார் கிடைத்தது. சன்னியாசம் வாங்கிவிட்டார் என்றார் ஒருவர். பெரிய வியாதி, சொல்லாமல் வைத்தியத்துக்குப் போயிருக்கிறார் என்றார் இன்னொருவர். ராஜாம்பாள் சின்னதுரையின் வாசலிலேயே வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு பேருக்கும் சண்ட ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்கம்மா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்று ராஜாம்பாள் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தார். சின்னதுரை திண்டாடிப்போனார்.

மறுநாள் விடிந்து அன்புக்கரசி பையோடு தெருமுனையில் திரும்பியபோது வாசலில் கூட்டம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓட்டமும் நடையுமாக வந்தார். எதிர்வீட்டு இசைப்பிரியா அவர் போனை வாங்கிப் பார்த்து, திரையில் விமானப் படத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். போன் அதிர ஆரம்பித்தது. விடாமல் அதிர்ந்தது. அத்தனையும் சின்னதுரை கூப்பிட்டதைச் சொல்லும் குறுஞ்செய்திகள்.

அன்புக்கரசிக்கு முகம் வாடிவிட்டது. அமேலியாவின் கடைசிநேரத்தைப் பற்றி அவர் பலமுறை கேட்டிருக்கிறார். அந்தக் குட்டித் தீவின் பக்கத்தில் அவருக்காகக் காத்திருந்த கப்பலில், ரேடியோவில் அமேலியாவின் குரல் கேட்டது. கப்பலில் இருந்தவர்கள் பேசியது மட்டும் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் அன்புக்கரசி விமானத்தையே நினைத்திருந்தாரே தவிர, கப்பலில் நின்று கூப்பிட்டவர்களை நினைத்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் சின்னதுரை சொன்னார். "எங்கிட்ட சொல்லிட்டுப் போறதுக்கு என்னா?"

"வேணாம்னு சொல்லுவீங்க."

அவர் யோசித்தார். "சொல்லித்தான் இருப்பேன்," என்றார். பிறகு தலைகுனிந்து, "ஆஸ்பத்திரில ஒவ்வொரு கட்டிலா பாத்துக்கினு போனன் புள்ள," என்றார். அன்புக்கரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று சமையல் மத்தியானத்துக்கு மேல்தான்.

விமானம் ஏறிப் பார்க்க ஆசை, போனேன், வந்தேன் என்று அன்புக்கரசி எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார். டிக்கெட்டைக் காட்டினார். மழையில் எடுத்த படத்தைக் காட்டினார்.

"ஒரு டீ குடிக்கவா கல்கத்தா?" என்றார் ராஜாம்பாள். "சொல்ல முடியாத விஷயம்னா சொல்ல வேணாம் அன்பு. உடம்ப மட்டும் பாத்துக்க."

வியாதிக் கதைதான் கடைசியில் நிலைத்தது. ஒருவர் முருங்கைக்கீரை சூப் கொண்டுவந்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள், "மெதுவா தைங்க, அவசரமில்ல," என்றார்கள். அன்புக்கரசி கொஞ்சநாள் மறுத்தார். மறுக்க மறுக்கப் பரிவு கூடியதால், பிறகு சூப்பை வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மைதானத்தில் அமேலியா கதையும் மாறியது. ஒருநாள் அவரே ஆரம்பித்தார்.

"சின்னத் தீவு. கண்ணுக்குத் தெரியல. எண்ணெய் தீர்ந்துபோச்சி. விழுந்துட்டாங்க. அதான் நடந்திருக்கும்க்கா."

"அவ்வளவுதானா?" என்றார் ராஜாம்பாள்.

"அவ்வளவுதான். அதுவே எவ்வளவு பெரிய கஷ்டம்."

அடுத்த ரவுண்டில் ராஜாம்பாள் அந்த வூட்டுக்காரர் பேச்சை எடுத்துவிட்டார்.

பொங்கல் லீவில் சின்னதுரை தானாகவே, எங்கேயாவது விமானத்தில் போய்வரலாமா என்று கேட்டார். இந்தமுறை தங்கைக்கும், ராஜாம்பாளுக்கும், டீக்கடைக்கும், வாட்ஸ்அப் குழுவுக்கும் சொல்லிவிட்டு இருவரும் சென்னையிலிருந்து மதுரைக்குப் போனார்கள். ஜன்னலோரம் அன்புக்கரசியின் இடம். மேலே ஏறியதும் சின்னதுரை, சும்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று இடம் மாறி உட்கார்ந்தார். மதுரையில் இறங்கும்வரை தரவில்லை.