மண்ணுளிப் பாம்பின் வால்

திண்டிவனம் ரயில் நிலைய வாசலில் ஜட்காக்களுக்கு நடுவே ஒருவர் கூடையைத் திறந்து வைத்து, "ரெண்டு தலை நாகம், வந்து கும்புட்டுக்கினு போங்க!" என்று கூவுகிறார். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும் கூட்டம் கைகூப்புகிறது. கூடையில் கிடப்பது மண்ணுளிப் பாம்பு. எதிரி தலையை விட்டுவிட்டு வாலைக் கடித்து ஏமாறட்டும் என்றே, இயற்கை அதன் வாலையும் தலைபோல் மழுங்கலாகப் படைத்திருக்கிறது. அந்த வாலில் காய்ச்சிய கம்பியால் இரண்டு கண்களைச் சுட்டிருக்கிறார்கள். புண் இன்னும் ஆறவில்லை.

"ஏன் சுட்டீர்கள்?" கோபத்தில் எனக்குச் சொல் தடுமாறுகிறது.

"கண்ணு இல்லாத தலையை எவன் கும்புடுவான்? நவுரும்மா, பொழப்புல மண்ணப் போட்டுக்கினு!"

கூட்டம் சிரிக்கிறது. நான் குனிந்து கூடையைக் கவிழ்த்துவிடுகிறேன். பாம்பு ஓடவில்லை. தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு, புண்பட்ட வாலை என்னை நோக்கித் தூக்குகிறது.