புள்ளி டிசைன்

சின்ன காஞ்சிபுரத்தில், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் இடத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். அவள் அப்பாவோடு வருவாள், நான் என் வீட்டுக்காரரோடு. தடித்த கண்ணாடி, வாராத தலை. உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறப்பாள். திரை முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். கேட்டால் "புடவை டிசைன்" என்பாள். எங்கள் ஊரில் அதற்கு மேல் யார் கேட்கப்போகிறார்கள்?

தேரன்று தெருவை அடைத்துவிட்டார்கள். வெளியே போக வழியில்லை. பொழுது போகாமல், "இந்த புட்டா நல்லா இருக்குதும்மா" என்றேன்.

"இது டிசைன் இல்லக்கா. ஒவ்வொரு புள்ளியும் எலி மூளையில ஒரு செல்லு. புது நரம்பு செல்லை உண்டாக்குற மூலச்செல். ஒவ்வொண்ணுலயும் எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு ஆயிரக்கணக்குல ஒண்ணா படிக்கிறோம். நிறைய செல்லு தூங்கிக்கினு இருக்குது. ஏன்னுதான் தேடறோம். அப்பாவை விட்டுட்டு லேபுக்குப் போக முடியல, இங்கேருந்தே பாக்கறேன்."

"எழுப்பிட்டா இவரு கை வந்துடுமா?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். "இப்படிக் கேப்பாங்கன்னுதான்கா டிசைன்னு சொல்றேன். எனக்குத் தெரியாது."

எதிர் பெஞ்சில் மகனின் மடங்கிய கையைத் தடவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா அது, புள்ளி புள்ளியா?"

அந்தப் பெண் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "புடவை டிசைன்."