மவுத்தார்கனும் மணிக்கட்டு ரத்தமும்

மனுஷர்களை ஊதச் சொல்லி, ஊதியது போதாது என்று அதட்டி, அதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவில் டெக்னீசியன். ஊர் கொழிஞ்சாம்பாறை, பெயர் சரஸ்வதி. எட்டு வயசிலிருந்து எனக்கும் வீசிங் உண்டு. ஆகவே சாம்பிராணிப் புகையைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவர்கள், பஸ் ஏறிய பிறகு பையைத் தடவி இன்ஹேலரைத் தேடுகிறவர்கள், சிரிக்கும்போதுகூட அளவாகச் சிரிக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் டாக்டர் பிந்து ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். ஆஸ்துமாக்காரர்கள் வழக்கமான மருந்தோடு தினமும் அரை மணி நேரம் மவுத்தார்கன் வாசிக்க வேண்டும். உள்ளே துடிக்கும் பித்தளைத் தகடுகளின் அதிர்வு மூச்சுக்குழாய் வரை போய்ச் சளியை இளக்குமா, நிதானமாக மூச்சை இழுத்து விடுவதால் ரத்தத்தில் அமிலமும் காரமும் சமநிலையில் நிற்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது, வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, முதுகில் அதிர்வை அளக்கும் வில்லையை ஒட்டுவது, மணிக்கட்டு நாடியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. அந்தக் கடைசி வேலைக்காக என்னைச் சபிக்காதவர் யாரும் இல்லை. மணிக்கட்டு ஊசி எவ்வளவு வலிக்கும் என்பது குத்திக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

வலிவு உண்டோ?

முதல் முதலாக ஆள் சேர்க்க வடகரப்பதிப் பக்கம் போனோம். டாக்டர் மலையாளி. தமிழ் பேசுவார், ஆனால் அவசரத்தில் மலையாளம் முந்திக்கொள்ளும். பழனிச்சாமி என்ற விவசாயி களத்தில் கடலைக்காய் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தபோதே அவருடைய தோள்கள் மூச்சுக்காக ஏறி இறங்குவது தெரிந்தது. டாக்டர் நேராகப் போய், "வலிவு உண்டோ?" என்று கேட்டுவிட்டார். மலையாளத்தில் வலிவு என்றால் இழுப்பு. பழனிச்சாமிக்கோ தமிழில்தான் காதில் விழுந்தது. "வலுவுக்கு என்னங்க கொறச்சல்? இப்பவும் ஒத்தை ஆளா மூட்டை தூக்குவனுங்க" என்றவர், சொன்னதோடு நிற்காமல் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

நாலடி நடப்பதற்குள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. மூட்டையை இறக்கி, அவரை உட்காரவைத்து, இன்ஹேலர் கொடுத்தோம். மூச்சு திரும்பி வந்ததும் மூச்சின் வேகத்தை அளக்கும் சின்னக் குழாயை எடுத்து, "இதுல ஒருக்கா பலமா ஊதுங்க" என்றேன். அவர் குழாயைப் பார்த்தார். எங்கள் ஜீப்பைப் பார்த்தார். செக்போஸ்ட்டில் போலீஸ் நீட்டும் கருவி ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை ஒரு கையால் மூடிக்கொண்டு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, கள்ளு குடிச்சிருந்தாலும் இதுல காட்டிக் குடுத்துருங்களா?"

மிளகாய் மண்டி

காதர் ராவுத்தருக்குப் பாலக்காட்டுக் கடைவீதியில் மிளகாய் மண்டி. ஆஸ்துமாக்காரர் செய்யவே கூடாத வியாபாரம். அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை, விட மனசில்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் கல்லாவில் உட்காருவார். ஒருநாள் இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மருந்து கொடுத்துக்கொண்டே ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம். காரம் கொஞ்சம் ஏறியிருந்தது.

அதில் பயப்பட ஒன்றும் இல்லை. இழுப்பு ஆரம்பிக்கும்போது நாம் வேகவேகமாக மூச்சு விடுகிறோம், ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடுகிறது, அதனால் ரத்தம் காரத்தின் பக்கம் சாய்கிறது. நெஞ்சு இன்னும் சலிக்காமல் போராடுகிறது என்று அர்த்தம். சலித்துப்போனால்தான் வாயு உள்ளே தங்கி, ரத்தம் அமிலத்தின் பக்கம் போகும். இதையெல்லாம் ராவுத்தருக்கு விளக்கத்தான் வாயைத் திறந்தேன். "ஏனுங்க ராவுத்தரே, ரத்தத்துல காரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க" என்ற முதல் வரியைத் தாண்டவே விடவில்லை. மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டியா? நாப்பது வருசமா மொளகா மூட்டைக்கு நடுவுல உக்காந்திருக்கேன், ரத்தத்துல காரம் ஏறாம சர்க்கரையா ஏறும்?"

அபஸ்வரம்

கல்பாத்தி சாரதா மாமி வீணை வாசிப்பவர். தேர் நாட்களில் தெருவில் கிளம்பும் தூசியும் புகையும் ஆகாமல், அந்த வாரம் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். நாங்கள் கொடுத்த மவுத்தார்கனை வாங்கி ஒரு முறை ஊதினார். முகம் சுருங்கியது. "மூணாவது ஸ்வரம் ஒரு மயிரிழை கீழே நிக்கறது, கேட்டியோ?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. கமகமும் வராது என்று தெரிந்ததும் அதை ஒரு டவலில் சுற்றி வைத்துவிட்டார்.

இரண்டாம் முறை போனபோது, வில்லையை ஒட்டிக்கொண்டே வீணை வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். டாக்டரும் சரி என்றார். வீணையை நெஞ்சோடு அணைத்து மந்தரத் தந்தியை மீட்டியதும், திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு மவுத்தார்கனுக்குத் துள்ளியதைவிட உயரமாகத் துள்ளியது. டாக்டர் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டார், அடுத்த நிமிஷம் கவலைப்பட்டார். அதிர்வு சரி, மூச்சுப் பயிற்சிக்கு எங்கே போவது? எதற்கும் தினமும் அந்த மவுத்தார்கனையும் ஊதியாக வேண்டும் என்று நான் கெஞ்சினேன். மாமி ஊதத்தான் செய்தார், ஒரு நாள்கூடத் தவறாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு. ஆனால் ஒவ்வொரு முறை நான் போகும்போதும் சொல்வார்:

"ஆஸ்துமாவைக்கூட சகிச்சுண்டுடுவேன், இந்த அபஸ்வரத்தோட எப்படிடீ குடித்தனம் பண்றது?"

சிஃப்டிங் ரூம்

மாசம் ஒரு தடவை உடுமலை வழியாக மலையேறி, இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் முகாம் போடுவோம். அங்கே வந்தவர் பேச்சியம்மாள். ஃபேக்டரியில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் சிஃப்டிங் ரூமில் வேலை. அந்தத் தூசி உள்ளே போய்ப் போய் இழுப்பு வந்துவிட்டது. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர் இருக்கும். நான் பேச்சியக்கா என்பேன், அவர் மேடம் என்பார்.

எல்லாரிலும் வேகமாக வாசிக்கக் கற்றுக்கொண்டவர் அவர்தான். மூன்றாவது மாசமே, லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீடுகளில் நாலு வீட்டுப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு வாசித்தார். குழாயில் ஊதும் அளவும் ஏறியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சி ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன். மருந்தைக் குறைப்பது பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். இருந்தும் அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்படியே வாசிச்சீங்கன்னா மருந்தே கொறைஞ்சு போயிருங்க்கா" என்றுவிட்டேன். பேச்சியக்கா மவுத்தார்கனை முந்தானையில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அப்ப இது ஒண்ணே போதும்லா மேடம்?"

நார்மல்

அடுத்த மாசம் முகாமுக்கு அவரை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியவில்லை. நெஞ்சிலிருந்து வந்த சத்தம் வாசல் வரை கேட்டது. ஆக்சிஜன் வைத்து, நெபுலைசரில் மருந்து கொடுத்து, ஊசியும் போட்டார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. பேச்சியக்கா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. மணிக்கட்டில் ரத்தம் எடுத்து, கூடக் கொண்டுபோயிருந்த சின்னப் பரிசோதனை மெஷினில் போட்டேன். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. எல்லா எண்ணும் சரியான இடத்தில் நின்றன. "டாக்டர், நார்மல்!" என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெஞ்சுக்குள் காற்று போகும் சத்தமே இல்லை. இவ்வளவு மூச்சு வாங்குகிறவருக்கு ரத்தம் காரத்தின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நார்மலுக்கு வந்துவிட்டது என்றால் நெஞ்சு சலித்துவிட்டது, அடுத்த படி அமிலம், அதற்கடுத்தது சொல்ல வேண்டாம். நான் படித்த பாடம்தான். ராவுத்தருக்கு நானே விளக்க நினைத்த பாடம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஜீப்பில் ஏற்றினோம். டவுன் ஆஸ்பத்திரி வரை வளைவு வளைவான இறக்கம். நான் பின்சீட்டில் அவரை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் சிலிண்டரைப் பிடித்திருந்தேன். டாக்டர் மருந்தை நிறுத்தவே இல்லை. பேச்சியக்காவின் உதடு நீலமாவதைப் பார்த்து என் மூச்சும் இழுக்க ஆரம்பித்தது. பையில் இருந்த என் இன்ஹேலரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவர் பம்பை, அதாவது இன்ஹேலரை, எப்போது கடைசியாக அடித்தார் என்று உடன் வந்த பெண்ணிடம் டாக்டர் கேட்டார். அந்தப் பெண் யோசிக்காமல் சொன்னாள்.

"அத விட்டு ஒரு மாசம் ஆச்சு டாக்டரே, பீப்பிதான் ஊதுது."

வார்டில்

ஐ.சி.யூ.வில் மாஸ்க் வைத்து மூச்சைத் தாங்கிப் பிடித்தார்கள். இரண்டு நாள் நானும் டாக்டரும் ஊருக்குத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். நான் அவர் கட்டிலருகே போய், "அக்கா, என்னாலதான். மருந்து கொறையும்னு நாந்தான் சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. டாக்டர் கதவோரம் நின்றிருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பேச்சியக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, குரல் இன்னும் கம்மியிருக்க, நிறுத்தி நிறுத்திப் பேசினார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். பொண்ணோட அம்மா இழுப்புக்காரி, இது பரம்பரையாக வரும் என்று லயத்தில் பேச்சாம். பம்பை எடுத்தாலே எல்லார் கண்ணும் அவர்மேல்தானாம்.

"நீங்க சொன்னதுக்காவ மட்டும் விடல மேடம். பம்ப அடிச்சா சீக்காளிங்காவ, இத ஊதுனா பாட்டுக்காரிங்காவ. நீங்களா இருந்தா எத விடுவீய?"

ரிப்போர்ட்

இரண்டு வருஷம் கழித்து முடிவுகளைத் தொகுத்தோம். மவுத்தார்கனின் அதிர்வு மேல்நெஞ்சோடு நின்றுவிட்டது. சளி இருக்கும் ஆழம் வரை போனதாகத் தெரியவில்லை. ரத்தத்தின் அமில-கார நிலையில், வாசித்தவர்களுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வாசிக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மூச்சு நிதானமாகிறது, பயம் குறைகிறது என்று மட்டும் பலர் சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மாள் விஷயத்தைச் சேர்க்காமல் விட்டால் ரிப்போர்ட் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று மேலிடத்தில் ஒருவர் யோசனை சொன்னார்.

டாக்டர் அதை முதல் பக்கத்திலேயே சேர்த்தார். ஊழியர் ஒருவர் சொன்ன தவறான வார்த்தையால் நோயாளி மருந்தை நிறுத்தினார் என்று எழுதினார். அந்த வரியை நான்தான் டைப் செய்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். "இத்தனை பாடுபட்டு கடைசில ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்களே டாக்டர்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணும் கிட்டல்லைன்னு நேரா எழுதறதும் ஆராய்ச்சியாக்கும், சரசு. பின்னே நாளைக்கு வேறொருத்தி இதை நம்பி மருந்தை விடமாட்டாளே."

திரும்ப வாங்கியது

ஆராய்ச்சி முடிந்தால் கருவிகளைத் திரும்ப வாங்கி ஒப்படைக்க வேண்டும். எஸ்டேட்டுக்குத்தான் முதலில் போனேன். பேச்சியக்காவை சிஃப்டிங் ரூமிலிருந்து மாற்றி, பொட்டலம் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்துக்கு அந்த அளவு பலன் கிடைத்தது. மகளுக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை தனக்கும் சின்ன வயசில் இழுப்பு இருந்தது என்று தானாகவே சொன்னாராம். சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே பம்பும் மவுத்தார்கனும் ஒன்றாகக் கிடந்தன. எனக்கு எதிரேயே, லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, பம்பை முறையாக அடித்து, மூச்சைப் பிடித்து, வாய் கொப்பளித்து முடித்தார். அதன் பிறகுதான் மவுத்தார்கனை எடுத்தார்.

நான் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினேன். அவர் என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுக்கவில்லை.

"ஆராய்ச்சி முடிஞ்சிட்டுன்னு எங்க மூச்சையுமா திருப்பிக் கேப்பீய?"

நாடியில் ஊசி குத்தி, முதுகில் வில்லை ஒட்டி, மலை ஏறி இறங்கி நாங்கள் நிரூபித்தது மவுத்தார்கன் ஆஸ்துமாவைக் குணமாக்காது என்பதை. அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லி, மவுத்தார்கனைத் திரும்ப வாங்கிவர என்னை அனுப்பியபோது பாதிப் பேர் நான் கதவைத் தட்டியதைக் காதில் வாங்கவில்லை, உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.