கார்டில் அச்சான எண்

ஷாஹிஸ்தா கட்டிக் காத்த அந்த வகுப்புக்குக் குரல் மட்டும்தான். கேமரா இல்லை, படம் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டை விட்டு வர முடியாத அறுபது பெண்கள், ரமலான் முப்பது நாளும் மதியத் தொழுகை முடிந்ததும் போனைத் திறப்பார்கள். ஆலிமா ஷமீம் பானு குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுப்பார். ஏனாத்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்து, நிக்காஹ் முடிந்த கையோடு வேலையை விட்டவள் ஷாஹிஸ்தா. படித்த படிப்புக்கு மிஞ்சியது அந்த ஒரு சர்வர்தான்.

போன ரமலானில் எவனோ வேலையற்ற பயல் அதன்மேல் குப்பையைக் கொட்டினான். நொடிக்கு லட்சம் பொய்க் கோரிக்கைகள். ஓதும் குரல் துண்டு துண்டாகி நின்றுபோனது. நான்கு நாள் மல்லுக்கட்டி, முன்னால் ஒரு காவல் சர்வரை வைத்தாள் ஷாஹிஸ்தா. பெண்கள் ஒரு பெயரைத் தட்டி அதன் வழியாக வருவார்கள். குப்பையை அது வடிகட்டிவிடும். நிஜ சர்வரின் எண் வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். தெரிந்தால் நேராகப் பின்வாசலில் வந்து கொட்டுவான். கதவு பூட்டித்தான் இருக்கும், ஆனால் தெரு அடைபட்டால் வீட்டுக்காரனே உள்ளே வர முடியாதே. அதன்பிறகு அந்த ரமலான் முடியும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்பவளை இந்த ஊரில் யார் கண்டுகொண்டார்கள்?

மாமனார் அஹமது பாஷா ஜரிகை வியாபாரி, பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர். சர்வர் அவர் பெயரில்தான் இருந்தது. மருமகள் பெயரில் எடுத்தால் நன்றாக இருக்காதாம். நோன்பு வைக்கிற, திறக்கிற நேரங்களைப் போட்டு வருடாவருடம் கடைப் பெயரோடு ரமலான் கார்டு அடிப்பார். இந்த வருடம் வகுப்பு விவரத்தையும் சேர்த்தார். சர்வர் கம்பெனி அவருக்கு அனுப்பிய மெயிலில் இருந்த எண்ணை அப்படியே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். ஷாஹிஸ்தா பார்த்தபோது இரண்டாயிரம் கார்டும் வீடு வீடாகப் போய்விட்டிருந்தது. ஒரு கார்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"இந்த நம்பர ஏன் மாமா போட்டீங்க? இத அடிச்சா நம்ம பொம்பளைங்க உள்ள வர முடியாது. கெடுக்க வர்றவனுக்குத்தான் ஒதவும்."

"ஓதற எடத்துக்கு விலாசத்த ஒளிச்சி வைப்பாங்களாம்மா? கல்யாணப் பத்திரிகைல கதவு நம்பர் போடறது இல்லியா?"

கார்டின் படம் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஊர்வலம் போனது. மூன்றாம் நோன்பன்று, பாதிப் பாடத்தில் ஷமீம் பானுவின் குரல் அறுந்தது. அறுபது பெயர்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க மாமா, வேற நம்பர் குடுப்பாங்க. பேரு அதேதான், நம்மாளுங்களுக்கு ஒண்ணும் மாறாது."

"ரெண்டாயிரம் வீட்ல கார்டு தொங்கிக்கினு இருக்குது. நம்பர மாத்தினா செயலாளர் தப்பா அடிச்சிட்டாருன்னு பேசுவாங்க. அத வுட்டுடுமா."

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தாள். ஐந்தாம் நோன்பன்று மதியத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் மைக்கில் மாமனாரின் குரல் சமையலறை வரை வந்தது.

"பெண்கள் ஓதற வகுப்பு இந்த வருஷம் நிறுத்தப்படுது. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு சர்வர சரியா பாத்துக்கத் தெரியல. சின்னப் பொண்ணு, மன்னிச்சிக்கங்க."

எவ்வளவு தன்மையாகச் சொன்னார் மனிதர். ஷாஹிஸ்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரையும் கேட்காமல் தன் பெயரிலேயே வேறு சர்வர் எடுத்தாள். பழைய காவல் சர்வருக்குப் பின்னால் அதை வைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா முறையில் அவள் ஆப்பா என்று கூப்பிடும் ஷமீம் பானுவுக்குத் தகவல் அனுப்பினாள். பழைய பெயரைத் தட்டி அவர் மட்டும் வந்தார்.

"நல்லா கேக்குதுமா. விட்டு விட்டு வரல."

"இனிமே ஒண்ணும் ஆவாது ஆப்பா. நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க."



"கமிட்டி மைக்ல சொன்ன பெறகு நா எப்டிமா பாடம் எடுக்கறது? எம் பையன் உங்க மாமா கடைலதான் வேலை செஞ்சிக்கினு இருக்கான்."

"தப்பு எம்மேல இல்லன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல ஆப்பா?"

"தெரியும்மா. ஆனா தெரியும்னு நா சொன்னத யார்கிட்டயும் சொல்லிடாத."

சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். சர்வர் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.