இருபத்துமூன்றாம் துண்டு

வடமராட்சி மண்ணில் பிறந்து சுவிசின் ஓஸ்டர்முண்டிகனில் கண்மூடிய எங்கள் அக்கா போய் இன்றோடு முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அக்காவின் நற்குணங்களை எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாம் உண்மை. நான் அவருடைய ஒரே தம்பி. அவர் செய்த ஒரு பிழையையும், அதை மறைக்கப் போய் நான் செய்த ஒரு பிழையையும் எழுதுகிறேன். மறைக்காமல் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான்.

அப்பா வேளைக்கே போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெசினில் குந்தினார். அம்மாவையும் என்னையும் பார்த்தது அந்த மெசின்தான். பிறகு இடப்பெயர்வு வந்தது. வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும், அப்பா அம்மாவின் கலியாணப் படமும் போயின. சுவிசுக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோது ஒவ்வொரு பதிலுக்கும், "இதற்கு ஆதாரம் என்ன?" என்று அக்காவிடம் கேட்டார்களாம். அம்மாவின் பெயரைச் சொன்னதற்கும் ஆதாரம் கேட்டார்கள் என்பதை அவர் சாகும்வரை சொல்லி ஆறவில்லை.

அதனால்தான் வேலை கிடைத்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு லமினேற் மெசின். கையில் கிடைத்த கடுதாசி எல்லாம் அதற்குள் போய்ப் பளபளவென்று வந்தது. பிளாஸ்டிக் போட்ட பத்திரத்தில் முத்திரை குத்த முடியாது என்று கந்தோரில் ஒருமுறை திருப்பியும் அனுப்பினார்கள். அக்கா அசையவில்லை.

"உங்கட கண்ணில பட்டால் தோசையையும் லமினேற் பண்ணிப்போடுவியள்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"போடா, விசரா. ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?" என்பார்.

எதிர்வீட்டில் எமினே அம்மா இருந்தார். துருக்கிக்காரர். அவருடைய கணவர் இங்கே கட்டட வேலைக்கு வந்தவர். மகள் அய்லின் கைக்குழந்தையாக இருந்தபோதே அந்தக் கணவர் இறந்துவிட்டார். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது என்ற இங்கத்தைய வழமை தெரியாமல் அக்கா கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போய்த் தோய்த்துவிட, யாரோ கதவில் கண்டனக் கடிதம் ஒட்டினார்கள். எமினே அம்மா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் வீட்டுக்கென்று ஒதுக்கியிருந்த தோய்க்கும் நாளில் பாதியை அக்காவுக்குத் தந்தார். ஆளுக்குப் பாதி தெரிந்த ஜேர்மன் பாசையில் இருவரும் முப்பது வருசம் கதைத்தார்கள். எங்கள் வீட்டு இடியப்பம் அங்கே போகும். முந்திரிகைக் கொடியின் இலையில் சுற்றிய சோறு இங்கே வரும்.

எமினே அம்மாவுக்கு மறதி தொடங்கியது. அக்கா துப்புரவு வேலை செய்த முதியோர் இல்லத்திலேயே அவருக்கும் அறை கிடைத்தது. அங்கே ஒருநாள் அவர் ஒரு பிஸ்கற் தகரப் பேணியை அக்காவின் கையில் கொடுத்து, டீட்டிகோனில் இருக்கும் மகளிடம் சேர்க்கச் சொன்னார். தாய்க்கும் மகளுக்கும் பல வருசமாகப் பேச்சில்லை. பேணிக்குள் அவருடைய பாட்டனாரின் காணி உறுதி, பழைய எழுத்தில், யாராலும் வாசிக்க முடியாதபடி இருந்தது. கணவரின் வேலை ஒப்பந்தம் இருந்தது. மிச்சம் எல்லாம் படங்கள். ஒன்றின் பின்னாலும் பெயரில்லை.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. வேலை முடிந்ததும் அந்தக் கட்டிலருகில் இருந்து, ஒவ்வொரு படமாக நீட்டி, இது ஆர், அது ஆர் என்று கேட்டார். சொன்னதைத் துண்டுக் கடுதாசியில் தமிழில் எழுதி, இலக்கம் போட்டு, படத்தோடு சேர்த்து லமினேற் பண்ணினார். நாலாம் துண்டு இப்படி இருக்கிறது: "எமினேயின் பெரிய தமையன். வெங்காயத் தோட்டம் செய்தவர். கலியாணத்துக்கு முதல் நாள் குதிரையால் விழுந்து, காலில் கட்டோடு மாப்பிள்ளையாய் நின்றவர்."

இருபத்துமூன்றாவது, எடுத்த உடனேயே கமராவிலிருந்து வெளியே வரும் வகைப் படம். எமினே அம்மாவின் கணவர் பிறந்த பிள்ளையை ஏந்தியபடி இருந்த படம். தகப்பனும் மகளும் சேர்ந்திருந்தது அது ஒன்றுதான். மெசினின் சூடு அதற்கு ஆகாது என்று அக்காவுக்குத் தெரியாது. மறுபக்கத்தால் வந்தபோது படம் கறுத்துப் போயிருந்தது.

அன்றைக்கே மெசின் நிலவறைக்குப் போனது. மிச்சப் படங்களுக்குத் துண்டைச் சும்மா பின்னால் ஒட்டினார். ஏன் என்று கேட்டதற்குப் பழுது என்றார். நானும் நம்பினேன். எமினே அம்மாவோ எல்லாவற்றையும் மறந்த பிறகும் அந்தப் படத்தை மட்டும் மறக்கவில்லை. காட்டு, காட்டு என்று கேட்பாராம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதை வாயால் சொல்லுவாராம். ஒவ்வொரு நாளும் சொன்னாராம். எமினே அம்மா இறந்து உடலைத் துருக்கிக்கு எடுத்துப்போன நாளில் அய்லின் இல்லத்துக்கு வந்தார். அக்கா அறைகளுக்கு நடுவே போகும் ஓடைக்குள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பேணி இரண்டு வருசம் எங்கள் அலுமாரியில் இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமையில்.

"அந்தப் பிள்ளையிட்டக் குடு. நான்தான் கெடுத்தனான் எண்டு சொல்லு. மெசினைக் குறை சொல்லாதை."

"ஓம் அக்கா."

"ஓம் எண்டு சொல்லிப்போட்டுச் சொல்லாமல் விட்டிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. இறுதிக்கிரியைக்கு அய்லின் வந்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தபடி, "அப்லா, அப்லா" என்று அழுதார். துருக்கிப் பாசையில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அழுகையை என்னால் கெடுக்க முடியவில்லை. பேணியைக் கொடுத்தேன். இருபத்துமூன்றை எடுத்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து அய்லின் போன் எடுத்தார். தமிழ்த் துண்டுகளை வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஒரு ஞாயிறு வந்தார். நான் ஒவ்வொன்றாய் ஜேர்மனில் சொல்ல, அவர் கொப்பியில் எழுதினார். பெரிய மாமாவின் குதிரைக்குச் சிரித்தார். தன் குடும்பத்தின் கதை எங்கள் வீட்டுக் குசினி மேசையில், எங்கள் பாசையில் இருப்பது அவருக்குப் புதினமாக இருந்தது. இருபத்திரண்டு முடிந்தது. அடுத்ததை எடுத்தார். இருபத்துநாலு.

"இருபத்துமூன்று எங்கே?"

நான் தண்ணி குடிப்பதுபோல எழும்பினேன். அக்காவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோட்டிலிருந்து எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் ஒளித்ததையும் சொன்னேன். பிறகு, படம் கறுத்தபின் அக்கா எழுதிப் பின்னால் ஒட்டியிருந்த துண்டை வாசித்தேன்.

"அய்லினின் தகப்பன். ஆஸ்பத்திரி யன்னலுக்குப் பக்கத்தில். வெள்ளைச் சேட்டு, பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருக்கிறார். இடது கையில் மணிக்கூடு. பிள்ளையின் தலை அந்தக் கையில். பிள்ளை அழுகிறது. அவர் சிரிக்கிறார், மேல்பல்லில் ஒன்று இல்லை. வேலையால் நேரே வந்தவர், சப்பாத்தில் சீமெந்து. நான் கெடுத்துப்போட்டேன். மன்னிக்க வேணும்."

அய்லின் அந்தக் கறுப்புப் படத்தைக் கையில் எடுத்தார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். எந்தக் கையில் மணிக்கூடு என்று கேட்டு எழுதினார். அப்பா சிரிப்பாரென்று அம்மா ஒருநாளும் தனக்குச் சொன்னதில்லை என்றார். பிறகு, "இரண்டு வருசம் இதை வைத்துக்கொண்டு எப்படி நித்திரை கொண்டார்? என்னை ஒருமுறை கூப்பிட்டிருக்கலாமே" என்றார். கூப்பிட்டிருந்தால் அக்கா நிம்மதியாகப் போயிருப்பார்.

அக்காவை நோயில் தாங்கிய தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து ரயிலேறி வந்து தோள் தந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அய்லினுக்கும்.

கடைசியாக ஒன்று. இந்த மலரின் அட்டையில் இருப்பது அக்காவின் வதிவிட அனுமதி அட்டைக்கு எடுத்த படம். கமராவைக் கண்டால் குசினிக்குள் போய்விடுவார், வேறு நல்ல படம் எங்களிடம் இல்லை. அந்தப் படங்களில் சிரிக்கக் கூடாது. ஆகவே அவர் எழுதியதுபோல நானும் ஒரு துண்டு எழுதி வைக்கிறேன்.

இது எங்கள் அக்கா. சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்துவார், கண் இரண்டும் சின்னதாகிவிடும். வலது கைப் பெருவிரலில் ஊசி ஏறிய தழும்பு, எனக்குப் பள்ளிக்கூடச் சேட்டுத் தைத்தபோது பட்டது. படத்தில் தெரியாது. இதற்கு ஆதாரம், தம்பி நான்.