மாத்திரைக்கு முன்னால் ஒரு படிவம்

புனேயில் ஓர் ஆணின் வயதைத் தெரிந்துகொள்ள ஆதார் அட்டை தேவையில்லை, காய்கறி வண்டிக்காரர் போதும். அண்ணன் வயது என்று பட்டால் ‘தாதா’ என்பார். சித்தப்பா வயது என்று பட்டால் ‘காகா’. வானவடியில் எங்கள் குடியிருப்பு வாசலில், என் முப்பத்து நான்காவது வயதில், கொத்தமல்லிக் கட்டைப் பையில் போட்டுவிட்டு அவர், "காகா, ஆண்கீ காய்?" என்றார். வேறென்ன வேண்டும் என்று அர்த்தம். அவருக்கே ஐம்பதுக்கு மேல் இருக்கும். வேறொன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன்.

முடி கொட்டுவது எனக்கு முன்பே தெரியும். அதற்கான காரணமும் தயாராக இருந்தது: டேங்கர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரில் குளித்து வளர்ந்த கோயம்புத்தூர்த் தலை இந்த உப்புத் தண்ணீரைத் தாங்குமா? தண்ணீருக்கு அடுத்து ஹெல்மெட். ஹெல்மெட்டுக்கு அடுத்து அலுவலக ஏ.சி. பழி போட ஆள் தேடுவதில் நான் கெட்டிக்காரன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் தாய்மாமன் மூன்று பேருக்கும் தலை வழுக்கை என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன்.

தோல் மருத்துவர் ஒரு மராத்திப் பெண்மணி. டார்ச் வைத்துப் பார்த்துவிட்டு, இது பரம்பரை, மாத்திரை உண்டு, ஆனால் அதற்கு முன் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை என்றார். எதற்கு என்றேன். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "எல்லாருக்கும் கட்டாயம் கிடையாது. ஆனா நான் எழுதித்தான் குடுப்பேன். ஆறு மாசம் கழிச்சு வந்து, இந்த மாத்திரையாலதான் எனக்கு எல்லாம் போச்சுன்னு நீங்க சொன்னா, அது முன்னாடி இருந்துச்சான்னு எனக்குத் தெரியணுமா இல்லையா?"

என்னை மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. கூடவே, அடுத்த முறை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி ஒரு படிவமும் கொடுத்தார். பத்துக் கேள்விகள். முடி கொட்டுகிறதா, நன்றாகத் தூங்குகிறீர்களா, சோர்வு உண்டா, எரிச்சல் வருகிறதா, தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்திருக்கிறதா என்று போய், அடுத்த ஓராண்டில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று முடிந்தது. அலுவலகக் காரில் போகும்போது மடியில் வைத்து ஐந்து நிமிடத்தில் நிரப்பினேன். முடி கொட்டுகிறது, மற்றபடி நான் தங்கம் என்பதுதான் என் பதில்களின் சாரம். குழந்தை: இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விடிந்தால்தான் எனக்கு வேலை. மாலை ஐந்துக்குக் கிளம்பினால் விடிகாலை நாலரைக்கு வீடு. என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ஆறே முக்காலுக்குப் போய் மூன்றரைக்குத் திரும்பியதும் அசதியில் படுத்துவிடுவாள். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குகிற குடித்தனம். பேசிக்கொள்வதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சீட்டுகளில்தான். "மாவு இருக்கு, ஊத்திக்கோங்க." "தண்ணி கேன் சொல்லியாச்சு." இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடியது. சண்டையே வராத வீடு என்று நண்பர்களிடம் பெருமை வேறு.

ரத்தம் காலை எட்டு மணிக்கு முன், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்றார்கள். வேலை முடிந்து வந்து படுத்தால் எழ மாட்டேன் என்று தெரியும். அதனால் அன்று வீட்டுக்கு வராமல் அலுவலகத்திலேயே உட்கார்ந்து மொபைலில் கிரிக்கெட் பார்த்தே பொழுதைக் கழித்துவிட்டு, ஏழரைக்கு ஆட்டோவில் லேபுக்குப் போய் இறங்கினேன். என்னைவிடப் பொறுப்பான நோயாளி இந்த ஊரில் உண்டா என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ரத்தம் எடுத்த பெண், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தூங்கினீர்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாலையில் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது ரிசல்ட் மொபைலுக்கு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற வரிக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு.

பயந்துவிட்டேன். முடி போனால் தொப்பி இருக்கிறது, இதற்கு எதைப் போட்டு மறைப்பது? மாத்திரையை இன்னும் வாங்கவே இல்லை, அதன் மேல் பழி போடவும் வழியில்லை. மனைவியிடம் சொல்லலாமா என்று நினைத்து ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். "கேஸ் புக் பண்ணுங்க" என்றிருந்தது. கீழே "பண்ணியாச்சு" என்று எழுதினேன். அந்தக் கதவில் அதற்கு மேல் என்ன எழுத முடியும்?

மறுநாள் மருத்துவருக்கு போன் செய்தேன். "ரத்தம் குடுத்ததுக்கு முந்தின ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?" என்று கேட்டார். தூங்கவில்லை என்றேன். சிரித்துவிட்டார். "விடிய விடிய முழிச்சவர் ரத்தத்தை வெச்சு நான் என்னத்தைச் சொல்றது? ஒரு வாரம் லீவு போட்டு ராத்திரி தூங்குங்க. மறுபடி பார்ப்போம். அந்தப் படிவத்துலயாவது உண்மையை எழுதிக் கொண்டு வாங்க."

லீவு வீணாகிறது, அதனால் எடுத்திருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. முதல் இரண்டு இரவும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் தூக்கம் வந்தது. ஐந்தாம் நாள் காலை ஐந்தரைக்குத் தானாகவே விழிப்பு வந்து பால்கனிக்குப் போனால், அவள் காபியோடு நின்று விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தினமும் இப்படியா?" என்றேன். "தினமுந்தான்," என்றாள். இரண்டு வருடமாக எனக்கு இது தெரியாது. தன் டம்ளரிலிருந்து பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் காலை மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு வந்து தூங்கிப்போனேன். மதியம் ரிசல்ட் வந்தது. அம்பு இல்லை! எல்லா வரிகளும் சமர்த்தாக எல்லைக்குள் இருந்தன. இருக்கிற மீசையை முறுக்கிக்கொண்டு, இதைக் கொண்டாட ஐஸ் வாட்டராவது குடிப்போம் என்று சமையலறைக்குப் போனேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் என் படிவம் தொங்கிக்கொண்டிருந்தது. அச்செடுத்த பழைய ரிசல்ட்டோடு சேர்த்து அலமாரியில், சட்டைகளுக்கு அடியில் நான் ஒளித்து வைத்த படிவம். காலையில் பள்ளிக்குப் போகுமுன், துவைத்த துணியை அடுக்கும்போது பார்த்திருக்க வேண்டும். தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி சிவப்பு மையால் திருத்தியிருந்தாள். நன்றாகத் தூங்குகிறீர்களா, ஆம்: பெருக்கல் குறி. சோர்வு, இல்லை: பெருக்கல் குறி. எரிச்சல், இல்லை: பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி. தாம்பத்தியக் கேள்விக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டிருந்தாள். மேலே வட்டம் போட்டுப் பத்துக்கு ஒன்று. முடி கொட்டுகிறது என்பதற்குத்தான் அந்த ஒன்று.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன், கடைசிக் கேள்வி வரைக்கும். குழந்தை, இல்லை. அதற்குப் பெருக்கல் குறி இல்லை, சரி என்றும் போடவில்லை. என் ‘இல்லை’யைச் சுற்றி ஒரு கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில், "என்னைக் கேட்டீங்களா?"

கல்யாணமான புதிதில் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று இருவரும் சேர்ந்துதான் சொன்னோம். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கார் சிக்னலில் நின்ற நேரத்தில், அவளுக்கும் சேர்த்து நானே டிக் அடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்துக் கீழே பதில் எழுதப் போனேன். இதற்கும் சீட்டா என்று தோன்றியது. பேனாவை வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

பள்ளி விடுகிற நேரம். கேட் முன்னால் ராணுவக் குடியிருப்பு வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. வெளியே வந்தவள் என்னைக் கண்டதும் முகம் வெளிறி ஓடி வந்தாள்.

"என்னங்க, ஊர்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா?"

நான் அவள் பள்ளிக்கு வருவதென்றால் யாராவது செத்திருக்க வேண்டும் என்று அவள் நினைக்கும்படி வைத்திருக்கிறேன். அது சுருக்கென்று குத்தியது.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நமக்குக் குழந்தை வேணுமா?"

"அதை இங்க வெச்சா கேப்பீங்க?"

"வீட்டுல கேட்டா நீ ஃப்ரிட்ஜுல எழுதிருவ."

சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியும்போது கண் நிறைந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் கிளப்பவில்லை, பதிலுக்குக் காத்திருந்தேன். பின்னால் ஒரு ரிக்‌ஷாக்காரர் "காகா, சலா!" என்று வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார். கத்தட்டும்.

"வேணும்," என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "வழுக்கையா இருந்தாலும் பரவால்லீங்க. ராத்திரி வீட்டுல இருக்கற அப்பா வேணும்."