நான் பார்க்காத ஆந்தை

எண்பதுகளின் கடைசியில் பெருங்களத்தூர் ஏரிக்கரையில் நாங்கள் இரண்டு பேர் ஞாயிறுதோறும் பறவை பார்ப்போம். நான் எட்டாவது வரை படித்தவன். கூட வரும் டேவிட் சார் பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் பைனாகுலர் இருந்தது. எந்தப் பறவையானாலும் அவர்தான் முதலில் பார்த்துப் பெயர் சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நேத்து சாயங்காலம் ஓடைப் பாலத்துக்கிட்ட மீன் பிடிக்கிற ஆந்தையைப் பார்த்தேன் சார்" என்று புளுகிவிட்டேன். அவர் பல வருஷமாகத் தேடிய ஆந்தை அது.

"கொடுத்து வச்சவர் நீங்க" என்று தன் நோட்டில் என் பெயர் போட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில் ஓடைக்குப் போனார். மூன்றாவது வாரம் நாங்கள் ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது கடைக்காரர் என்னைக் காட்டிச் சிரித்தார். "இங்க ஏது சார் அந்த ஆந்தை? இவரு சும்மா கதை வுட்டுருப்பாரு."

"நெத்தி நிறைய விபூதி பூசுற மனுஷன்யா. பொய் சொல்ல மாட்டார்" என்றார் டேவிட் சார்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி நடக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நோட்டைப் பிரித்து அந்த வரியை அடித்தார்.

"ஓடைக்குப் போனது நல்லதாப் போச்சு. கானாங்கோழி தன் கறுப்புக் குஞ்சுகளைக் கூட்டிட்டு ஓடையைத் தாண்டுறதை முதல் தடவையா பார்த்தேன். வாங்க, காட்டுறேன்" என்றார்.

அப்போதும் எனக்கு வெட்கம் முதலில் வரவில்லை. என் பொய்யை நம்பிப் போனவருக்கும் பறவை கிடைத்துவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது. இன்றும் முருகன் சந்நிதியில் நின்றால், பொய் சொன்னதை விட அந்தப் பொறாமைக்குத்தான் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.